இரட்டைக் கணு

ஓட்டிஸ் பிளாக்ஃபாக்ஸ் என் அக்காள் புருஷன். என்னைவிட நாலு வயது மூத்தவன். ஆனாலும் சின்ன வயதிலிருந்து சேர்ந்து சுற்றியதால் அவனுக்கு மரியாதை கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. ஸ்டில்வெல் பக்கத்தில் எங்கள் செரோக்கிப் பழங்குடி ஜனங்கள் சோளத்தட்டைக் கட்டில் அம்பெய்கிற போட்டிக்கு எங்கே கூடினாலும், அங்கே வருகிற வில்லில் பாதி அவன் கை பட்டதாக இருக்கும். நாற்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு போட்டியில் அவன் செய்த வில் என் கையில் உடைந்துதான் என் வலது கண் போனது. என்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்த இடத்தில்தான் லோரீன் அக்காவை ஒழுங்காகப் பார்த்தான்.

"எங்கிட்ட இருந்து ஒரு கண்ண எடுத்த, எங்கம்மாகிட்ட இருந்து ஒரு பொண்ண எடுத்த. இன்னும் எங்க வீட்ல எதை விட்டு வச்சிருக்க மச்சான்?" என்று நான் கேட்காத பண்டிகை கிடையாது.

"உன்னத்தான் விட்டு வச்சிருக்கேன் மாப்ள. உன்ன யார் எடுத்துட்டுப் போவா?" என்பான் அவன்.

எல்லாரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். ஆனால் சிரிக்கும்போது அவன் என் முகத்தின் இடது பக்கத்தை மட்டும்தான் பார்ப்பான். வலது பக்கத்தை அவன் நேராகப் பார்த்து நான் கண்டதில்லை.

பயந்தாங்கொள்ளி என்று அவனைச் சிலர் சொல்வார்கள். அது உண்மைதான். என் கண் போன நாளிலிருந்து அவன் செய்த எந்த வில்லையும், தானே நூறு தடவை இழுத்துப் பார்க்காமல் வெளியே கொடுத்ததில்லை. அந்த நூறு இழுப்புக்கு முற்றத்தில் யாரும் நிற்கக்கூடாது. நாய்கூடக் கூடாது. அம்பு வைக்காமல், வாங்குகிறவன் இழுக்கும் அளவைவிட ஒரு விரற்கடை கூடுதலாக நாணைக் கன்னம் வரைக்கும் இழுத்து, மூச்சைப் பிடித்து நிறுத்தி, மெதுவாகத் திரும்ப விடுவான். கண்ணுக்குக் கண்ணாடி போட மாட்டான். "போற கண்ணு என் கண்ணா இருக்கட்டும்" என்பான். அக்கா சமையலறையில் வேலையைப் போட்டுவிட்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று, தானும் எண்ணிக்கொண்டிருப்பாள். நூறு ஆனதும்தான் காபிக்குத் தண்ணீர் வைப்பாள்.

அந்த நூறில் அவனுக்குத் துணை அவன் காதுதான். மரம் உடைவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லும் என்பான். 'டிக்' என்று ஒரே ஒரு சின்னச் சத்தம். அது கேட்டதும் நாணைக் கழற்றி, வில்லை மூன்றாக அறுத்து அடுப்பில் போட்டுவிடுவான். எத்தனை மாத உழைப்பு என்றெல்லாம் பார்க்க மாட்டான்.

உழைப்பும் கொஞ்சநஞ்சம் இல்லை. எங்கள் ஊர் வில் மரம் போடார்க். முள்ளும் பாலும் கொண்ட, வேலியோரத்து மஞ்சள் மரம். கட்டையை ஆப்பு வைத்துப் பிளந்து, இரண்டு முனைக்கும் பெயின்ட் அடித்து, ஒரு வருஷம், இரண்டு வருஷம் கொட்டகையில் காயப் போடுவான். பிறகு இரண்டு பக்கமும் பிடி வைத்த இழுப்புக் கத்தியை எடுத்து, பட்டையையும் வெள்ளைக் கட்டையையும் சீவி, வைரத்தில் நல்ல தடியாக இருக்கிற ஒரு வருஷ வளையத்தைப் பிடித்துக்கொள்வான். எய்கிறவனுக்கு மறுபுறமாக இருக்கிற வில்லின் முதுகு முழுக்க, முனையிலிருந்து முனைவரை, அந்த ஒரே வளையமாக இருக்க வேண்டும். எங்காவது கத்தி அதைத் தாண்டி அடுத்ததில் இறங்கினால் அந்த இடத்தில்தான் பின்னால் பிளக்கும். வழியில் கணு வந்தால் அதை வெட்டக்கூடாது. கணுவைச் சுற்றிக் கொஞ்சம் சதையை விட்டு, மேடாகவே வைத்துவிட்டுப் போக வேண்டும். வளையத்தில் அவன் தவறி நான் பார்த்ததில்லை. கணுவில்தான் தவறினான், அதுவும் சரியாகச் செய்ததால் தவறினான்.

என் கண்ணை எடுத்த வில்லில், பிடிக்கு மேலே ஒரு சாண் தள்ளி, பக்கம் பக்கமாக இரண்டு கருப்புப் புள்ளிகள் இருந்தன. இரட்டைக் கணு என்று அவன் சொன்னான். பெரியவர்கள் தடவிப் பார்த்து, அழகாகச் சுற்றிக் கொண்டுபோயிருக்கிறாய் என்று மெச்சினார்கள். போட்டியில் என் ஏழாவது அம்புக்கு அந்த இடத்தில்தான் முறிந்தது. உடைந்த துண்டுகள் என்னோடு பிக்கப்பில் வீட்டுக்கு வந்தன. பார்க்கப் பிடிக்காமல் அப்பா அவற்றை அடுப்பில் போட்டுவிட்டார்.

பத்து நாள் கழித்துக் கட்டோடு வீடு வந்தேன். சாம்பல் அள்ளுவது என் வேலை. அள்ளினேன். சாம்பலில் இரண்டு இரும்புத் துண்டுகள் கிடந்தன, ஒரே நீளத்தில்.

பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வில்லுக்கு வெட்டிய மரம் எங்கள் மேய்ச்சல் வேலியில் நின்றது. எனக்குப் பதினாலு வயதிருக்கும்போது அப்பா கம்பம் நட்டு முள்கம்பி கட்டச் சொன்னார். குழி தோண்டச் சோம்பல்பட்டு, வரிசையாக நின்ற போடார்க் மரங்களிலேயே 'ப' வடிவ வேலி ஆணியை அடித்துக் கம்பியை மாட்டிவிட்டேன். இரண்டு வருஷம் கழித்து அப்பா பார்த்துவிட்டு, "உசுருள்ள மரத்துலயாடா ஆணி அடிப்ப?" என்று பெல்ட்டைக் கழற்றினார். எல்லாவற்றையும் பிடுங்கச் சொன்னார். பிடுங்கினேன். பாதி ஆணி தலை ஒடிந்து கையோடு வந்தது, கால் இரண்டும் மரத்துக்குள்ளேயே தங்கிவிட்டன. எல்லாம் பிடுங்கியாச்சு என்றேன். மரம் அதை மூடி வளர்ந்துகொண்டது. ஓட்டிஸ் கணு என்று நினைத்து மரியாதையாகச் சுற்றிப் போனது என் ஆணியின் இரண்டு கால்களை.

நான் அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஏன் என்று கேட்டால், முதலில் அப்பாவுக்குப் பயந்தேன். அப்பா போன பிறகு வேறொரு காரணம் வந்தது, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒவ்வொரு அக்டோபரிலும் ஓட்டிஸ் ஒரு டிரக் நிறைய ஹிக்கரி விறகு பிளந்து கொண்டுவந்து என் வீட்டுப் பின்பக்கம் அடுக்கிவிட்டுப் போவான். கூரை ஒழுகினால் அவன்தான் ஏணியோடு வருவான். "ஒத்தக் கண்ணோட நீ கோடாலி தூக்கினா கால்தான் போகும்" என்பான். எனக்கு அது பிடித்திருந்தது. தப்பு அவன் பக்கம் இருக்கிறவரை நான் சும்மா உட்கார்ந்து காபி குடிக்கலாம்.

அந்த வேலி வரிசையை அவன் முப்பத்தேழு வருஷம் தொடவில்லை. அந்தப் பக்கம் போனால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வான். நாலு வருஷத்துக்கு முன்னால் ரோட்டை அகலப்படுத்த இயந்திரம் வந்து மொத்த வரிசையையும் சாய்த்துப் போட்டது. நேரான, முறுக்கில்லாத கட்டைகள். மரத்தைப் பார்த்தால் மனது கேட்காத ஆள் அவன். கடைசியில் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டான்.

"அந்த மரம் வேணாம் மச்சான்" என்றேன்.

"ஏன்?"

"ராசி இல்லாத மரம்."

"மரம் என்னடா பண்ணும்? கணுவப் பாக்கத் தெரியாதவன் செஞ்சா எந்த மரந்தான் தாங்கும்?" என்றான்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. அவன் காது இருக்கிறதே, டிக் என்றால் பிடித்துவிடுவானே என்று விழுங்கிவிட்டேன். அந்தக் கட்டைகளில் ஆறு வில் செய்து ஆறு பேருக்குக் கொடுத்தான். ஒவ்வொன்றுக்கும் நூறு இழுத்தான். ஒன்றும் ஆகவில்லை என்றதும் ஆணி இல்லாத பக்கமாக எடுத்திருப்பான் என்று தேற்றிக்கொண்டேன்.

போன ஜூலையில் அவன் கொட்டகைக்குப் போனேன். கட்டை அடுக்குக்குப் பின்னால் குனிந்து எதையோ உருவிக்கொண்டிருந்தான். நாலு அடி தள்ளியே எனக்குக் கேட்டது, உலர்ந்த நெற்றைக் குலுக்குகிற மாதிரி விடாத சலசலப்பு. கிலுகிலுப்பைப் பாம்பு. கத்தினேன். அவன் திரும்பவில்லை. கையை இன்னும் உள்ளே விட்டான். சட்டைக் காலரைப் பிடித்து இழுத்ததில் இரண்டு பேரும் மண்ணில் விழுந்தோம். அவன் கை இருந்த இடத்தில் பாம்பு கொத்திவிட்டுப் பின்வாங்கியது.

அவன் முகம் வெளிறிப்போயிருந்தது. பாம்பை விட்டுவிட்டு என்னையே பார்த்தான்.

"உங்கக்காகிட்ட சொல்லாத" என்றான்.

"எத்தன நாளா கேக்கல?"

என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டுதான் பதில் சொன்னான். "ரெண்டு வருஷம் இருக்கும். எதிர்ல நின்னு கத்தினா கேக்கும். சின்னதெல்லாம் போச்சு."

"அப்புறம் எப்படிடா வில்லு...?"

"கையில தெரியும் மாப்ள" என்றான். பொய் என்று அவன் கண்ணிலேயே தெரிந்தது. வில்லை விட்டால் அவனுக்கு வேறு என்ன இருக்கிறது?

ஆறு வில்லும் அந்த இரண்டு வருஷத்துக்குள் செய்தவை. டிக் என்று சொல்லியிருந்தாலும் அவனுக்குக் கேட்டிருக்காது. அடுத்த ஞாயிறு சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அந்த ஞாயிறு அக்கா பீன்ஸும் சோளரொட்டியும் செய்து வைத்து, அவன் என் தட்டில் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தான். அதற்கடுத்த ஞாயிறு மழை. இப்படியே ஆகஸ்ட் முடிந்தது.

செப்டம்பரில் வருகிற தொழிலாளர் தின விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, மத்தியானம், என் மகள் ட்வைலா வந்தாள். தபால் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். எண்பது கஜத்தில் சோளத்தட்டைக் கட்டில் அம்பை விட்டால் ஏழு எட்டுத் தட்டை ஊடுருவும், அப்படிப்பட்ட கை.

"அப்பா, மாமா என் வில்ல முடிச்சுட்டாராம்! நாளைக்குப் போட்டிக்குப் புதுசுதான். இன்னிக்கு நூறு இழுக்கறாரு, சாயங்காலம் வந்து எடுத்துக்கன்னாரு."

"எந்தக் கட்டை?"

"நம்ம வேலிக் கட்டைதான். எவ்வளவு அழகா இருக்கு தெரியுமா? நடுவுல ஜோடியா ரெண்டு கணு..."

சாவியை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. கையில்தான் இருந்தது. "என்னாச்சுப்பா?" என்று அவள் பின்னாலேயே ஓடிவந்தாள். இரண்டு மைல்தான். அந்த இரண்டு மைலும் நான் சாமியைக் கும்பிட்டேனா திட்டினேனா என்று நினைவில்லை.

கேட்டைத் திறந்தபோது அவன் எனக்கு முதுகைக் காட்டி முற்றத்தின் நடுவில் நின்று இழுத்துக்கொண்டிருந்தான். ஜன்னலில் அக்காவின் முதுகு தெரிந்தது. "அறுவத்தி மூணு" என்று அவள் குரல் கேட்டது. வில் வளைந்தது. நாண் அவன் கன்னத்தைத் தொட்டது.

டிக்.

எனக்குக் கேட்டது. கேட்டிலிருந்த எனக்கே கேட்டது. அவன் மூச்சைப் பிடித்து நின்றுவிட்டு மெதுவாக விட்டான். மறுபடி இழுக்க ஆரம்பித்தான்.

கத்தினால் பயனில்லை. பின்னால் போய்த் தொட்டால் திடுக்கிட்டு நாணை விட்டுவிடுவான். அம்பில்லாமல் நாணை விட்டால் நல்ல வில்லே சிதறும், இது முகத்தோடு வெடிக்கும். அவன் கண்ணில் நான் பட வேண்டும், அதுவும் பதறாமல் பட வேண்டும். அதற்கு வில்லுக்கு முன்னால் போக வேண்டும். மரம் முறிந்தால் துண்டு எந்தப் பக்கமும் பறக்கும் என்று எனக்குத் தெரியாதா? மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணைக் கையால் மூடிக்கொள்ளத் தோன்றியது. மூடினால் நடக்க முடியாது. கோழிக்கூட்டை ஒட்டிச் சுற்றிப் போனேன். "அறுவத்தி நாலு" என்றாள் அக்கா.

டிக்.

அவன் முன்னால் பத்து அடியில் போய் நின்றேன். கையைத் தூக்கி, உள்ளங்கையைக் கீழே காட்டி, மெல்ல மெல்லக் கீழே இறக்கினேன். குழந்தையைத் தூங்க வைக்கிறவன் மாதிரி. அவன் புருவத்தைச் சுருக்கினான். அதட்ட வாயைத் திறந்தான். என் முகத்தில் என்ன கண்டானோ, வாயை மூடி, என் கை இறங்குகிற வேகத்திலேயே நாணை இறக்கினான்.

"என்ன மாப்ள, இருக்குற கண்ணும் பாரமா இருக்கா?" என்றான்.

"சத்தம் வருது." என் காதைத் தொட்டு, வில்லைக் காட்டினேன்.

அவன் வில்லைத் திருப்பிப் பார்த்தான். ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு மயிரிழையாய் ஒரு கோடு ஓடியிருந்தது. தொப்பென்று மரக்கட்டையில் உட்கார்ந்தான். "மறுபடியும் கணு" என்றான். "மறுபடியும் அதே கணு. எனக்குப் பாக்கத் தெரியல மாப்ள. ட்வைலா கண்ணு..." கட்டைவிரலால் அந்தக் கோட்டைத் தடவினான்.

"அது கணு இல்ல" என்றேன்.

"என்ன?"

"இரும்பு. வேலி ஆணி."

"என்னடா முணுமுணுக்கற? கேக்கல."

நாற்பத்தோரு வருஷம் யார் காதிலும் போடாத ரகசியம். கடைசியில் அதை மெதுவாகச் சொல்லக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

"ஆணி!" என்று கத்தினேன். "வேலி மரத்துல நான்தான் அடிச்சேன்! அப்பாகிட்ட பிடுங்கிட்டேன்னு பொய் சொன்னேன்! என் கண்ண எடுத்ததும் அதுதான்! சாம்பல்ல பாத்தேன், அப்பவே தெரியும்! உன்மேல தப்பே இல்ல! தப்பே இல்ல மச்சான்!"

பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. கேட்டில் ட்வைலா அசையாமல் நின்றாள். அக்கா கைத்துண்டோடு படியில் வந்து நின்றாள். இந்தத் தடவை எல்லாருக்கும் கேட்டிருந்தது.

ஓட்டிஸ் எழுந்து கொட்டகைக்குள் போனான். திருகாணி பொறுக்க வைத்திருந்த, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தோடு வந்தான். அதைப் புள்ளிகளின் மேல் காட்டினான். 'டக்'கென்று ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தான். மறுபடி வைத்தான். ஒட்டியது. மூன்றாவது தடவையும் வைத்துப் பார்த்தான்.

அக்காதான் முதலில் பேசினாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். குரல் ரொம்பத் தணிந்திருந்தது.

"நாப்பத்தோரு வருஷம், வெஸ்லி. ஒவ்வொரு வில்லுக்கும் அந்த சமையக்கட்டுல நின்னு நூறு எண்ணிருக்கேன்டா நான்."

ஓட்டிஸ் என்னை அடிப்பான் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எத்தன மரத்துல அடிச்ச?" என்றான்.

"பதினொண்ணு."

"எந்த ஒசரத்துல?"

முழங்கால், இடுப்பு, மார்பு என்று கையால் காட்டினேன். அவன் விரலை மடக்கி எண்ணினான். ஆறு வில். ஆறு வீடு. நாளைக் காலையில் ஆறு பேரும் மைதானத்தில் இழுத்து நிற்பார்கள். கணக்கு எனக்கும் புரிந்தது.

"வண்டிய எடு" என்றான்.

சாயங்காலத்துக்குள் ஐந்து வீட்டுக்குப் போனோம். நான் காந்தத்தைப் பிடித்தேன், அவன் வில்லைத் திருப்பினான். நாலு சுத்தமாக இருந்தன. ஐந்தாவதில் ஒட்டியது. இரும்பு உள்ளே ஆழத்தில் இருந்தது, வெளியே புள்ளிகூட இல்லை. ஆறாவது வீட்டில் ஆள் இல்லை. மறுநாள் விடியும்போதே மைதானத்தில் போய் நின்றோம். அந்த வீட்டு ஆள் வந்து நாண் ஏற்றிக்கொண்டிருந்தபோதே பிடுங்கிப் பார்த்தோம். அதிலும் ஒட்டியது. டிரக்கின் பின்பலகையில் வைத்து ஓட்டிஸ் அதை மூன்றாக அறுத்தான்.

"பைத்தியமாய்யா உனக்கு? போன வாரம்கூட இதுல ஜெயிச்சேன்!" என்று அந்த ஆள் எகிறினான்.

"என் தப்பு. பாக்காம விட்டுட்டேன். வேற செஞ்சு தரேன்" என்றான் ஓட்டிஸ்.

பக்கத்தில் காந்தத்தோடு நான் நின்றேன். அவன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஐந்தாவது வீட்டிலும் அதையேதான் சொல்லியிருந்தான்.

அந்த அக்டோபரில் விறகு வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். ஒரு சனிக்கிழமை காலையில் அவன் டிரக் சத்தம் கேட்டு வெளியே ஓடினேன். பின்னால் காலியாக இருந்தது. அவன் இறங்கவில்லை.

"ஏறு" என்றான்.

ஏறினேன். அவன் வீட்டு முற்றத்தில் ஒரு ஸ்டூல் போட்டிருந்தது. சுவரில் புது வில் சாய்ந்திருந்தது. வேறு இடத்து மரம், காந்தம் பார்த்த மரம். ஆனால் பிடிக்குக் கீழே ஒரு கணு இருந்தது, நிஜக் கணு. ஜன்னலில் அக்காவின் முதுகு தெரிந்தது. ஸ்டூல் அவனுக்கு நேர் எதிரே, கை தூக்கினால் அவன் பார்க்கிற இடத்தில் இருந்தது.

"உக்காரு. எனக்குத்தான் கேக்காதே. நீ கேளு" என்றான். "சத்தம் வந்தா கையத் தூக்கு."

உட்கார்ந்தேன். நாணில் விரலை வைத்துக்கொண்டு அவன் என்னைப் பார்த்தான். நாற்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக என் வலது பக்கத்தை, கண் இல்லாத குழியை, நேராகப் பார்த்தான்.

"இந்தத் தடவையாவது உடனே சொல்லிரு மாப்ள" என்றான்.

வில் வளைந்தது. உள்ளே அக்கா, "ஒண்ணு" என்றாள்.